நாற்பத்தொரு வெற்றுச் சீட்டுகள்

மூன்று சீட்டுகளில் ஒன்று ஈரமாக இருந்தது.

கதைக்காரி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிப் போயிருந்தார்கள். மேசைமேல் தேநீர்க் கோப்பைகள் விட்டுப்போன வட்டக் கறைகள், பென்சில் சீவல், ரப்பர் தூள். மத்தியானம் பிடித்த மழை சாயங்காலம் ஆகியும் விடவில்லை. வழக்கம்போல அவள் சீட்டுகளைப் பொறுக்கிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு சீட்டுகள் நான்காக மடித்தவை, உலர்ந்தவை. மூன்றாவதை வேறு மாதிரி மடித்திருந்தார்கள். நீளவாக்கில் ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று குண்டூசிபோல் மெலிந்துபோகும் வரை. அதன் ஒரு நுனி ஊறிப்போயிருந்தது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஊறிய இடத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். மேலே நான்கு, கீழே மூன்று.

பல் பதிந்த தடம்.

அப்படி மடித்து வாயில் கவ்வுகிறவள் ஒருத்திதான். அவள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

இது பகடையும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஆடுகிற கதை ஆட்டம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் ஒரு உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடமாடுவார்கள். "கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், பகடை சரியாக விழுந்தால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியது கதை சொல்பவர் பாடு. அவளுக்குக் கதைக்காரி என்று பெயர் வந்தது அப்படித்தான். வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பாள். ஏழாம் நாள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மலையும் கோட்டையும் படைப்பாள்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ரகசியம் உண்டு. ஆட்டத்தில் சேருகிற அன்று அதை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கதைக்காரியிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் மட்டும் படிப்பாள். தக்க நேரம் பார்த்துக் கதைக்குள் சேர்ப்பாள். ஆட்டத்தின் நடுவே ஒருவருக்கு மட்டும் தெரிய வேண்டிய சேதி இருந்தால் சீட்டில் எழுதி மேசைக்கு அடியில் நீட்டுவாள். சேதி யாருக்கு என்று மற்றவர்கள் மோப்பம் பிடித்துவிடக் கூடாது அல்லவா? அதனால் எல்லாருக்குமே சீட்டு போகும். சேதி இல்லாதவர்களுக்கு வெற்றுச் சீட்டு. வெறும் தாளைப் பிரித்து, படிப்பதுபோல் பாவனை செய்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். லிஃப்ட் மெக்கானிக் வெற்றுச் சீட்டு வாங்கினால் புருவத்தை நெற்றி உச்சி வரை ஏற்றுவார். நிஜச் சேதி வந்தால் கொட்டாவி விடுவார். "நடிக்கத் தெரியலன்னா சும்மாவாவது இருங்களேன் சார்," என்பாள் மருந்துக்கடைக்காரி.

ஊசியக்கா நடிக்க மாட்டாள்.

அவளுக்குத் துணிக்கடை ஒன்றில் வேலை. புதுக் கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, சட்டைக்கு இடுப்புப் பிடிப்பது. ஐம்பதைத் தாண்டியவள், தனிக்கட்டை. நாள் பூராவும் குண்டூசிகளை உதட்டில் வரிசையாகக் கவ்வியே பழகிவிட்டதாலோ என்னவோ, பேச்சு அவளிடமிருந்து எண்ணி எண்ணித்தான் வரும். அவள் பாத்திரமும் அப்படித்தான். கூட்டத்துக்கு முன்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு போகிற விளக்குக்காரி. சண்டை போட மாட்டாள், வாதாட மாட்டாள். விளக்கைத் தூக்கிப் பிடிப்பாள், அவ்வளவுதான். சீட்டு வந்தால் பிரிப்பாள். கொஞ்ச நேரம் பார்ப்பாள். லேசாகச் சிரிப்பாள். பிறகு அதை நீளவாக்கில் மடித்து மடித்து, ஒவ்வொரு மடிப்பின்மேலும் நகத்தை ஓட்டி, குண்டூசிபோல் உதட்டில் செருகிக்கொள்வாள். அவளிடம் மட்டும் சீட்டைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் இல்லை. வெறும் தாளை வாங்கி என்ன செய்வது?

நாற்பத்தொரு ஞாயிறு வந்தாள். நாற்பத்தொரு சீட்டு வாங்கினாள். அத்தனையும் வெற்றுச் சீட்டு.

ஏனென்றால், கதைக்காரி அவளுடைய உறையைப் பிரிக்கவே இல்லை.

இதைப் பெரிய பாவம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கதைக்காரியின் தம்பி எழுதிய ரகசியம் இரண்டு பக்கம், துரோகமும் பழிவாங்கலுமாக. மருந்துக்கடைக்காரிக்கு ஒரு மறைந்த மகள். லிஃப்ட்காரருக்கு ஒரு சாபம். இவற்றிலேயே கதை நிரம்பி வழிந்தது. விளக்குப் பிடிக்கிறவளிடம் என்ன பெரிய ரகசியம் இருந்துவிடப் போகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உறையைப் பிஸ்கட் டப்பாவின் அடியில் போட்டுவைத்தாள். இரண்டாவது வாரம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஊசியக்கா கேட்டாள்.

"நான் எழுதிக் குடுத்தது... படிச்சியாம்மா?"

"படிச்சேன்க்கா. ரொம்ப நல்லா இருக்கு. கண்டிப்பா செய்றேன்."

ஊசியக்காவின் முகம் அப்போது மலர்ந்தது கதைக்காரிக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. சொன்னது பொய் என்பதுதான் மறந்துபோயிற்று.

நாற்பத்திரண்டாவது ஞாயிறு, காய்ச்சல், வர முடியவில்லை என்று சேதி வந்தது. ஆட்டத்துக்கு வராதவரின் பாத்திரத்தைக் கதையில் ஏதாவது ஓரத்தில் நிறுத்திவைப்பது வழக்கம். "விளக்குக்காரி கோட்டையோட கீழறையிலேயே காவல் நிக்கட்டும். நாம மேல போவோம்," என்றாள் கதைக்காரி. "கதவைச் சாத்திட்டுப் போயிடலாம், பத்திரமா இருப்பாங்க," என்றான் தம்பி. சாத்தினார்கள்.

அந்த வாரம் புதன்கிழமை ஊசியக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கதைக்காரி ஆறு ஆரஞ்சு வாங்கினாள். மழை பிடித்துக்கொண்டது. நாளைக்குப் போகலாம் என்று வீட்டுக்குத் திரும்பினாள். நாளைக்கு என்பது சனிக்கிழமை வரை நீண்டது. அதற்குள் ஆறையும் அவளே உரித்துத் தின்றிருந்தாள். அதற்கு அடுத்த புதன்கிழமைதான் ஊசியக்காவின் அறைக் கதவை உடைத்தார்கள். உயிர் போய் ஆறு நாள் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். கதைக்காரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆரஞ்சு வாங்கிய அன்று அவள் உயிரோடுதான் இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு விளக்குக்காரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஊசியக்காவின் நாற்காலியைச் சாமான் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். கதைக்காரி உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால் இருந்தது அந்த அறையின் கதவு. கதையில், கோட்டையின் கீழறைப் பக்கம் எவரும் திரும்பிப் போகவில்லை.

இப்போது இந்தச் சீட்டு.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், சீட்டை ஏன்டா கடிச்சு வச்சிருக்க?"

"எந்தச் சீட்டு?"

"ஒண்ணு ஈரமா இருக்கு. பல் தடம் வேற."

"அக்கா, உன் வீட்டு பிஸ்கட்டைத் தின்னவே பல்லு பத்தல. இதுல சீட்டை வேற கடிக்கணுமா?" அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு வீடு நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தத்துக்குள், முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், யாரோ தாளை மடித்து மடிப்பின்மேல் நகத்தை ஓட்டுவதுபோல் ஒரு சத்தம்.

சர்ர்ர்.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டு, மேசை விளக்கை அணைக்காமலே படுக்கப் போனாள்.

திங்கட்கிழமை கடையின் பின்னறையில் தேய்ப்புச் சக்கரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸின் ஓரம் கரைந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தூள் கலந்து பால்போல் வெளுத்த தண்ணீர், இயந்திரத்தின் சூடான எண்ணெய் வாடை, காதை அடைக்கும் இரைச்சல். எல்லாம் அவளுக்குப் பழகிய உலகம். ஆனால் லென்ஸ் மாற்றுவதற்காக இயந்திரத்தை நிறுத்தும்போதெல்லாம் அந்தச் சத்தம் இருந்தது. போட்டால் இல்லை. நிறுத்தினால் இருக்கிறது. முன்கடையில் பில் போடுகிற பெண்ணை எட்டிப் பார்த்தாள். அவள் தானுண்டு தன் போன் உண்டு என்று இருந்தாள். கைக்குட்டை எடுக்க மேலங்கிப் பைக்குள் கைவிட்டபோது விரலில் ஈரமாக ஏதோ பட்டது.

மெலிதாக மடித்த தாள். பிரித்தாள். எழுத்து எதுவும் இல்லை. வெளிர்நீலக் கோடு போட்ட, அவள் வீட்டுக் குறிப்பேட்டின் தாள்.

வியாழக்கிழமைக்குள் இன்னும் நான்கு வந்தன. சோப்புப் பெட்டியில் ஒன்று. வலது செருப்புக்குள் ஒன்று. தலையணை உறைக்குள் இரண்டு. குப்பைக்கூடையில் போட்டாள், காலையில் கூடை காலியாக இருந்தது. ஒன்றிலாவது எழுத்து இருந்திருந்தால், எவனோ விளையாடுகிறான் என்று சண்டைக்குக் கிளம்பியிருப்பாள். வெறும் தாளோடு என்னவென்று சண்டை போடுவது? உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. ஆண்டவனே, ஆண்டவனே என்று உதடு முணுமுணுத்தது. அதற்கு மேல் என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் நின்றுபோனது.

அடுத்த ஞாயிறும் மழை. நாலு மணிக்கே அறைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. பார்சல் வேன் ஓட்டுகிற தம்பி முழங்கால் வரை நனைந்து வந்தான். லிஃப்ட்காரர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"காலையில ஒரு ஆளு லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரு. வெளிய எடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு. அந்த மனுஷன் அழல, திட்டல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'வெளிய யாராவது இருக்கீங்களா?' அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் 'இருக்கேன் சார், இருக்கேன்'னு கத்திக்கிட்டே ஸ்பேனரைத் திருகினேன். தொண்டைதான் போச்சு."

"அதுக்குத் தனியா கூலி கேட்டிருக்கணும்," என்றான் தம்பி.

"இருக்கேன்னு சொல்றதுக்கா? அதுக்கு யாராவது கேப்பாங்களா?"

கதைக்காரி கதையைத் தொடங்கினாள். கோட்டையின் மேல்தளம், உடைந்த ஜன்னல், தூரத்தில் நெருப்பு. தம்பிக்கு ஒரு சேதி இருந்தது. எழுதினாள். மற்ற இருவருக்கும் வெற்றுச் சீட்டு. பேசிக்கொண்டே, பார்க்காமலே, மேசைக்கு அடியில் ஒவ்வொன்றாக நீட்டினாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை ஒன்று வாங்கியது, அது தம்பி. மோதிரம் போட்ட கை ஒன்று, அது மருந்துக்கடைக்காரி. மூன்றாவது கை வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. குளிர்ந்திருந்தது. அதன் விரல் நுனியில் உலோகமாக ஏதோ இருந்தது. தையல்காரர்கள் ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிக்கொள்வார்களே, அந்தச் சின்னத் தொப்பி. அது அவள் நகத்தில் டிக் என்று தட்டியது. பிறகு துணியிலிருந்து நூலை உருவுவதுபோல, மெல்ல மெல்லச் சீட்டை உருவிக்கொண்டது.

"எனக்கு எங்க சீட்டு?" என்றார் லிஃப்ட்காரர்.

"இப்பதானே குடுத்தேன்."

"எங்க குடுத்தீங்க? கையை நீட்டிக்கிட்டே இருக்கேன், மரத்தே போச்சு கதைக்காரம்மா."

அவர் இரண்டு கையையும் தூக்கி மேசைமேல் வைத்தார். கிரீஸ் படிந்த, வெதுவெதுப்பான, தொப்பி எதுவும் இல்லாத விரல்கள்.

கதைக்காரியால் குனிய முடியவில்லை. தம்பிதான் குனிந்து பார்த்தான்.

"ஒண்ணுமில்ல. எங்கயாவது விழுந்திருக்கும். தரைதான் ஈரமா இருக்கு. சாமான் ரூம்ல கூரை ஒழுகுதாக்கா?"

மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஈரக் கோடு அவள் நாற்காலியின் கால்களுக்கு இடையே புகுந்து, பின்னாலிருந்த கதவின் அடியில் போய் மறைந்தது.

அன்று ஆட்டம் சீக்கிரம் முடிந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டாள். மருந்துக்கடைக்காரி மட்டும் இருந்து கோப்பைகளைக் கழுவிக்கொடுத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், யாரும் கேட்காமலே செய்வாள்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்டி. ஊசியக்காவுக்கு நீ என்ன எழுதுவ?"

"ஏன் கேக்குற?"

"சீட்டைப் பாத்து வாரா வாரம் சிரிப்பாங்களே. ஒருநாள் கேட்டேன், அப்படி என்னக்கா எழுதியிருக்கான்னு. 'இன்னும் யோசிக்கிறா போல, நல்லா யோசிச்சே எழுதட்டும்'னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல." கோப்பையைக் கவிழ்த்துவைத்தாள். "நல்ல மனுஷி. என் பொண்ணோட பள்ளிக்கூடச் சட்டையைக் கேக்காமலே பிரிச்சுத் தச்சுக் குடுத்தாங்க. நாம ஒருதரம் போய்ப் பாத்திருக்கலாம், இல்ல?"

கதைக்காரி ஈரக் கோப்பைகளை அலமாரியில் அடுக்கினாள். தோழி போன பிறகு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள். அடியில் கிடந்தது உறை. ஒட்டிய பசை அப்படியே இருந்தது. பிரித்தாள். கோணல்மாணலான பென்சில் எழுத்து.

"தங்கச்சிக்கு. ரகசியம் எழுதச் சொன்னாய். ஒரு வாரமாக யோசித்தேன். என்னிடம் ஒன்றும் இல்லை. உனக்குத்தான் சொல்ல நன்றாக வருகிறது. விளக்குக்காரிக்கு நீயே ஒரு ரகசியம் யோசித்துச் சீட்டில் எழுதிக் கொடு. அவள் யார் என்று ஒரு வரி போதும். மறக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்வேன். அவசரம் இல்லை."

கதைக்காரி அதை மறுபடியும் படித்தாள். படித்தேன், கண்டிப்பா செய்றேன் என்று சொன்னவள் அவள்தான். அதை நம்பி ஒருத்தி நாற்பத்தொரு வாரம் ஒவ்வொரு சீட்டையும் ஆசையாகப் பிரித்திருக்கிறாள். ஒவ்வொன்றும் வெறும் தாள். ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறாள். அடுத்த வாரம் வரும் என்று.

எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் வழி என்று கதைக்காரிக்குத் தோன்றியது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டால் கேட்டு வந்தவள் போய்விடுவாள்.

திங்களன்று எழுத உட்கார்ந்தாள். 'விளக்குக்காரி ஒரு அரசனின் மகள்' என்று எழுதினாள். பார்க்கவே பொய்யாக இருந்தது. கிழித்தாள். செவ்வாயன்று 'விளக்குக்காரிக்கு ஒரு காதல் இருந்தது.' கிழித்தாள். ஒரு வரி எழுதுவதற்கு அந்த மனுஷியைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு நாளும் சாமான் அறைக்குள் மடிப்புச் சத்தம் கேட்டது. சனிக்கிழமை பென்சிலைக் கீழே வைத்தாள். நாளைக்கு ஆட்டத்தில், கதவைத் திறக்கும்போது, தானாக வரும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நாளைக்கு. அந்தச் சொல்லை மனதுக்குள் சொன்னபோதே நாக்கில் ஆரஞ்சுத் தோலின் கசப்பு ஏறியது. ஆனாலும் எழுந்து படுக்கப் போய்விட்டாள்.

ஞாயிறு. அதே மழை. அதே மூன்று பேர்.

"இன்னைக்குக் கீழறைக்குத் திரும்பிப் போறோம்," என்றாள்.

தம்பி பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "ஏன்க்கா?"

"விளக்குக்காரியை அங்கயே விட்டுட்டு வந்துட்டோம்."

"ஆமா," என்றார் லிஃப்ட்காரர், தாழ்ந்த குரலில். "அது தப்புதான். படியில இறங்கும்போதே நான் குரல் குடுத்துக்கிட்டே வரேன். 'இருக்கோம், வந்துட்டோம்'னு."

மருந்துக்கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கணம், எல்லாம் சரியாகிவிடும் என்றே கதைக்காரிக்குத் தோன்றியது. குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பென்சிலைச் சீவி அதன்மேல் வைத்தாள். பிறகு படிகளைச் சொன்னாள். பாசி பிடித்து வழுக்கும் படிகளையும், சுவரில் கசியும் ஈரத்தையும், இறங்க இறங்க மங்கிக்கொண்டே போகும் வெளிச்சத்தையும், கடைசிப் படிக்கு எதிரே ஊதிப்போய் இறுகியிருந்த மரக்கதவையும் சொன்னாள். லிஃப்ட்காரர் "இருக்கோம், இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"கதவைத் திறக்கிறேன்," என்றான் தம்பி.

பகடை உருண்டது. ஆறு.

"கதவு திறக்குது," என்றாள். "உள்ள இருட்டு. விளக்கு அணைஞ்சு ரொம்ப நாளாச்சு. ஈரத்துணி வாடை. அதுக்கு அடியில... பழம் அழுகின மாதிரி..."

நிறுத்தினாள்.

அந்த வாடையை அவள் கற்பனை செய்யவில்லை.

முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் நகர்ந்தது. கீல் முனகியது. குளிர்ந்த காற்று பிடரியில் பட்டது.

மூவரும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரியின் கை வாயைப் பொத்தியது. லிஃப்ட்காரரின் உதடுகள் இன்னும் அசைந்தன. "இருக்கோம்... இருக்கோ..." அத்தோடு குரல் நின்றது.

நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம். மெதுவாக. ஒரு அடி. நிறுத்தம். இன்னொரு அடி.

"அக்கா," என்றான் தம்பி. "திரும்பாத."

அவளுக்கும் திரும்ப மனமில்லை. எழுந்து, மேசையைத் தாண்டி, மழைக்குள் ஓடிவிட உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் ஆண்டவன் அவளிடம் ஒருநாளும் மலையைப் புரட்டச் சொன்னதில்லை. ஒரு தெருவுக்குள் நடந்துபோகச் சொன்னான். ஒரு கதவைத் தட்டச் சொன்னான். ஒரு உறையைப் பிரிக்கச் சொன்னான். இப்போது, திரும்பிப் பார்க்கச் சொல்கிறான். இதையாவது செய்ய வேண்டாமா?

திரும்பினாள்.

ஊசியக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதே சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை. மடியில் கை. கண்கள் திறந்திருந்தன, அவற்றில் வருத்தமில்லை, கோபமில்லை. ஒன்றுமே இல்லை. எழுதாத தாள்போல வெறுமையாக இருந்தன. கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. உதடுகளுக்கு நடுவே, வரிசையாக, நெருக்கமாக, மெலிந்து மடிந்த வெள்ளை நுனிகள். உள்ளே இன்னும் இருந்தன. தொண்டை வரை இருந்தன. அவள் சிரிக்க முயன்றாள். ஈரத்தில் ஊறிய ஒரு சீட்டு நழுவி மடியில் விழுந்து, தானாகப் பிரிந்தது.

வெறும் தாள்.

அவள் அதைத் திரும்ப எடுத்து மடித்தாள். சர்ர்ர். வாயில் செருகினாள். பிறகு கையை நீட்டினாள்.

இன்றைய சீட்டுக்காக.

கதைக்காரி தாளை இழுத்துத் தன் மடியில் வைத்தாள். பென்சிலை எடுத்தாள். ஒரு வரி. ஒரே ஒரு வரி. ஊசியக்காவுக்கு எது பிடிக்கும்? தெரியாது. எதற்குப் பயப்படுவாள்? தெரியாது. சின்ன வயதில் எங்கே இருந்தாள், யாருக்காக அழுதாள், ராத்திரி தூக்கம் வராவிட்டால் என்ன செய்வாள்? நாற்பத்தொரு ஞாயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள். ஒன்றும் தெரியாது. பென்சில் முனை தாளில் ஒரு புள்ளி வைத்தது.

அதற்கு மேல் நகரவில்லை.

கை காத்திருந்தது. நெடுநேரம் காத்திருந்தது. பிறகு, நூலை உருவுவதுபோல, தாளை உருவிக்கொண்டது. ஊசியக்கா அதைப் பிரித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நீளவாக்கில் மடித்தாள். மறுபடி மடித்தாள். நகத்தை ஓட்டினாள்.

அவள் வாயில் இனி இடம் இல்லை.

ஈரமான விரல்கள் கதைக்காரியின் தாடையைத் தொட்டன. அளவெடுக்கும்போது தையல்காரி வலிக்காமல் தொடுவாளே, அவ்வளவு மென்மையாக. உலோகத் தொப்பி அவள் உதடுகளைப் பிரித்தது; பல்லில் டிக் என்று தட்டியது. சீட்டு உள்ளே வந்தது. குளிர்ந்திருந்தது. பின்னால் தம்பி ஏதோ கத்தினான். அது வெகுதூரத்தில், மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல் இருந்தது.

ஊசியக்கா தன் வாயிலிருந்து முதல் சீட்டை எடுத்தாள். அதையும் கதைக்காரியின் உதட்டில் பதமாகச் செருகினாள். அப்புறம் இரண்டாவது.

இன்னும் முப்பத்தொன்பது இருந்தன. அவளுக்கு அவசரம் இல்லை.